‘கட்டிங் – அம்மா’ என்று எழுதியிருந்த பெட்டி

தம்பி, உன் கட்டிலுக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டியை நான்தான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீ ஜெர்மனிக்கு விமானம் ஏறிய ஒன்பதாவது நாள், வியாழக்கிழமை காலையில். யாரும் திருடவில்லை, எலி கடிக்கவில்லை, மழையில் நனையவில்லை. அதில் இருந்த நான்கு டேப் சுருளும் தாயில்பட்டிக்குத் தெற்கே ஒரு மக்காச்சோளக் காட்டில், மயில் விரட்டுவதற்காகக் கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டப்பட்டு, இரண்டு வாரம் வெயிலிலும் காற்றிலும் கிடந்தன. நீ போனில் கேட்டபோது, "பெட்டி பத்திரமா இருக்குலே, நாளைக்குக் கொரியர்ல போடுறேன்" என்று நான் சொன்னது பொய். இந்தக் கடிதத்தோடு உனக்கு வந்திருப்பது மூன்று சுருள். நான்காவது ஏன் வரவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பெட்டியைத் திறந்த கையோடு டேப்பை எடுத்து மெஷினில் மாட்டிவிடாதே. முதலில் இதைப் படி. எட்டாம் வகுப்போடு நின்ற உன் அம்மா எழுதுகிற கடிதம். ஒற்றுப்பிழையைத் திருத்தித் தருவதாக உங்க அப்பா சொல்லியிருக்கிறார். சங்கதியைத் திருத்தக் கூடாது என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

எதை நினைத்து அதைக் கொடுத்தேன் என்பது உனக்கு விளங்க வேண்டுமென்றால் கட்டிங் என்கிற சொல்லிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். அச்சகத்தில் காலண்டரும் லேபிளும் அடித்து முடித்ததும் ஓரத்தை வெட்டித் தள்ளுகிறார்களே, அந்தத் துண்டுதான் எனக்குக் கட்டிங். அதை மூட்டை மூட்டையாக வாங்கி, தரம் பிரித்து, அட்டை மில்லுக்கு லோடு ஏற்றித்தான் திருத்தங்கலில் கீழே குடோனும் மேலே வீடுமாக இதைக் கட்டினேன். இருபத்தெட்டு வருஷமாக அந்தச் சொல் காதில் விழுந்தால் என் கை தானாகச் சாக்கைத் தேடும். அன்றைக்கு மாடசாமி அண்ணன் வந்திருந்தார். உனக்குத் தெரியும், வெள்ளி மாதிரி மின்னுகிற தாள் கட்டிங்கை வருஷா வருஷம் நீள நீளமாக வாங்கிப்போய்க் காட்டில் கட்டுகிறவர். மற்ற ஊர்க்காரர்கள் மயிலை வெடி போட்டு விரட்டிக்கொள்வார்கள். அவர் காட்டு வேலிக்கு அந்தப் பக்கம் பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்து ஷெட். ஊர் ஊராக வெடி அனுப்புகிற இடத்தில் அவரால் ஒரு ஓலைவெடி கொளுத்த முடியாது.

"வெள்ளி இல்லையே அண்ணே, நேத்துத்தான் மொத்தமும் லோடு போயிருச்சு" என்றேன்.

"அப்படிச் சொல்லாத தங்கச்சி. கதிரு பால் பிடிச்சு நிக்கிது. மயிலு குடும்பத்தோட வந்து பந்தியில உக்காந்த மாதிரி தின்னுட்டுப் போகுது. பழைய கேசட் டேப்பு எதுவும் கெடந்தாக் குடு. காத்துக்கு ஙொய்யின்னு கத்தும், ஒண்ணும் அண்டாது."

மாடிக்கு ஏறி உன் அறையில் பழைய கேசட் இருக்குமா என்று தேடினேன். கட்டிலுக்கடியில் அந்தப் பெட்டி. மேலே கறுப்பு மையில் உன் கையெழுத்து: ‘கட்டிங் – அம்மா’. நீ உன் வேலையில் மிச்சம் விழுந்ததையெல்லாம் எனக்கென்று ஒதுக்கி, எழுதியும் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய் என்று நினைத்து எனக்குச் சந்தோஷம். பிள்ளைக்குத் தொழில் மறக்கவில்லை என்று தோன்றியது. திறந்தால் கால் அங்குல அகலத்தில் பழுப்பு டேப், இடையிடையே வெள்ளை ஒட்டு. ஒட்டுப் போட்ட சரக்கு என் கணக்கில் இரண்டாம் தரம். யோசிக்கவே இல்லை. பெட்டியோடு தூக்கிக் கொடுத்தேன். மறுநாள் அவர் பால்கதிர் பத்துக் கொடுத்துவிட்டார். உப்புப் போட்டு அவித்து நானும் உங்க அப்பாவும் தின்றோம். ருசியாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து நீ கூப்பிட்டாய். "எம்மா, கட்டிலுக்கடியில ஒரு பெட்டி இருக்கும், கட்டிங் அம்மான்னு எழுதியிருப்பேன், அத அனுப்பி வை" என்றாய். "அதுல என்னலே இருக்கு?" என்று கேட்டேன். "நீதான் இருக்க" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. மூன்று வருஷமாகக் குடோனில் மைக்கை மூட்டை மேல் வைத்து நீ பிடித்ததெல்லாம், நான் விலை பேசுவது, லோடு ஏற்றுகிறவரைத் திட்டுவது, தராசு இறங்குவது, தூசிக்கு நான் தும்முவது, எல்லாம் அந்த டேப்பில் இருக்கிறது என்றாய். பிளேடால் துண்டு துண்டாக அறுத்து ஒட்டி நாற்பது நிமிஷத்துக்கு ஒன்று செய்திருக்கிறாய். அடுத்த மாதம் அங்கே வாத்தியார்கள் முன்னால் அதைத்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். அதைக் கேட்ட பிறகுதான் உன்னை மேற்கொண்டு இரண்டு வருஷம் வைத்துக்கொள்வதா, திருப்பி அனுப்புவதா என்று சொல்வார்கள். "வேற காப்பி இருக்குல்லா?" என்று கேட்டேன். "இல்லம்மா. அவுகளுக்கு அறுத்தா அறுத்ததுதான். அந்தப் பயம் இல்லாம எனக்குக் கை வராது" என்றாய். அதற்குப் பிறகுதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன்.

போனை வைத்ததும் உங்க அப்பாவிடம் போய் நின்றேன். ஆயுள் முழுக்கத் தமிழ் வாத்தியாராக இருந்த மனுஷன் கோபப்படவில்லை. ஒரு தாளை எடுத்து நீ எழுதிய இரண்டு சொல்லையும் எழுதினார். "கடைசியில உருபு மறைஞ்சிருக்கு. நீ அம்மாவுக்குன்னு நாலாம் வேற்றுமையாப் படிச்சிட்ட. அவன் அம்மாவுடையன்னு ஆறாம் வேற்றுமையில எழுதியிருக்கான்" என்றார். "அந்த நாலு எழுத்த எழுதியிருந்தா அவனுக்குக் கையா சுளுக்கிரும்?" என்று கேட்டேன். "பரிச்சையில ரெண்டுக்கும் மார்க் உண்டு" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பையன்கிட்டச் சொல்லிரு" என்றார். நான் போனை எடுக்கவில்லை. என் தப்பை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உன் தப்பையும் கேட்டுக்கொள். லேபிள் என்பது நாம் இல்லாத இடத்தில் நமக்காகப் பேச வேண்டியது. எழுதினவனுக்கு மட்டும் புரிகிற லேபிள், எழுதாத லேபிளைவிட மோசம். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் லேபிள் அடித்தே பிழைக்கிற ஊரில் பிறந்துவிட்டு உனக்கு ஒரு லேபிள் எழுதத் தெரியவில்லை.

சரி, நீ சொன்ன அந்த ‘அவுக’ யாரென்று நான் புரிந்துகொள்ளப் பார்த்த கதைக்கு வருகிறேன். டேப்பும் மெஷினும் வைத்துச் சங்கீதம் செய்தவர்கள் என்று சொல்லி, உன் அறைச் சுவரில் நான்கு பெண்களின் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பிரிண்ட் எடுத்து ஒட்டினாயே, அன்றிலிருந்தே எனக்குக் குழப்பம்தான். ஒருத்தி கழுத்தில் டேப்பைத் துண்டு மாதிரி போட்டுக்கொண்டு கையில் கத்தரியோடு நிற்கிறாள். ஒருத்தி அந்தக் காலத்து டெலிபோன் ஆபீஸ் மாதிரி வயர்களைச் சொருகிக்கொண்டிருக்கிறாள். ஒருத்தி பிலிமில் கோடு வரைகிறாள், அந்தக் கோட்டை மெஷின் படித்துச் சத்தமாக்கும் என்றாய். நான்காவது கிழவி பெரிய பெட்டிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். உன் அத்தை வந்தபோது அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் வந்து மெதுவாக, "யாரு மதினி இவுக? தவறிப் போனவுகளா? ஒரு மாலையக் காணோமே" என்று கேட்டாள்.

"அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவுகளாம்."

"நாலு டீச்சரா? பீசு எம்புட்டு?"

"பீசெல்லாம் கிடையாது. பாதிப்பேரு உயிரோடயே இல்ல."

"அப்ப மாலையப் போட வேண்டியதுதான" என்றாள்.

அவள் போகும்போது, அவன் சினிமாவுக்குச் சவுண்டு படிக்கிறான் என்று சொல்லி அனுப்பினேன். நீ அடுக்களையில் நின்று அதைக் கேட்டுவிட்டாய். அன்றைக்குச் சாப்பிடவில்லை. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடமும் அதையேதான் சொன்னேன். என்ன படிக்கிறாய் என்று எனக்கு விளங்கவில்லை என்கிற உண்மையை அவர்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. விளங்காத சரக்குக்கு விளங்கின பெயரை ஒட்டி விற்றிருக்கிறேன். லேபிளைப் பற்றி உனக்குப் புத்தி சொல்கிறவள் செய்த காரியம் அது.

அந்தக் கத்தரிக்காரியைப் பற்றி நீ ஒரு நாள் சொன்னாய். ரேடியோ ஆபீசில் வேலை பார்த்தாள், அவள் டேப்பை வெட்டி ஒட்டிச் செய்த சத்தம் நாட்டுக்கே தெரியும், ஆனால் அவள் பெயர் யாருக்கும் தெரியவில்லை என்றாய். சொல்லிவிட்டு, "ஒன்ன மாதிரித்தாம்மா, பில்லு புக்குல அப்பா பேருதான இருந்துச்சு" என்றாய். நான் எழுந்து போய்விட்டேன். கோபமென்று நினைத்திருப்பாய். கோபமில்லை, அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவில்லை. வாத்தியார் பேரைப் போட்டால் அச்சகக்காரர்கள் சரக்கைத் தவணைக்குக் கொடுத்தார்கள். அதனால் போட்டேன். பேர் வேண்டுமென்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை, சரக்கு வேண்டியிருந்தது. அவள் என்ன நினைத்தாள் என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. என்னை அந்தச் சுவரில் ஐந்தாவதாக ஒட்டிவிடாதே. ஒட்டினால் என்னால் இறங்கி நடக்க முடியாது.

ஆனாலும் பொய் சொன்ன மறுநாள், நீ எப்போதோ என் போனில் ஏற்றி வைத்த அந்த நால்வரின் சத்தத்தையும் கேட்க உட்கார்ந்தேன். எதை அழித்தேன் என்றாவது தெரிய வேண்டுமே. முதலில் கிழவி. முன்பு ஒரு தடவை நீ காதில் மாட்டிவிட்டாயே, அதேதான். அன்றைக்கு நான், "எப்பலே ஆரம்பிக்கும்?" என்று கேட்டேன். "ஆரம்பிச்சு இருபது நிமிசம் ஆச்சும்மா" என்றாய். இந்தத் தடவை போனைச் சத்தமாக வைத்துக் குடோனில் மூட்டை மேல் சாய்த்து வைத்தேன். தரம் பிரிக்கிற பிள்ளைகளில் ஒருத்தி ஓடி வந்து, "அக்கா, மோட்டார் ஓடிக்கிட்டே இருக்கு, தொட்டி நெறஞ்சிருக்கும்" என்றாள். இன்னொருத்தி போய் சுவிட்சைப் பார்த்துவிட்டு வந்து, மோட்டார் அணைந்துதான் இருக்கிறது, ஆனால் ஓடுகிறது என்றாள். சும்மா இரு என்று சொல்லிவிட்டு நான் கேட்டேன். ஒன்றுமே நடக்கவில்லை. அரை மணி கழித்துப் பார்த்தால் முதலில் கேட்ட சத்தம் அங்கே இல்லை, வேறொன்று இருக்கிறது. எப்போது மாறியது என்று தெரியவில்லை. எடையில் இப்படி நடந்தால் திருட்டு என்போம். இதை என்னவென்று சொல்வது?

மூன்றாம் நாள் கத்தரிக்காரி. அவளிடம் மட்டும் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. பேப்பர் ரோலில் நடுவில் ஒட்டு இருந்தால் நான் கண்ணால் பார்க்க மாட்டேன், ஓரத்தில் நகத்தை ஓட்டுவேன், தட்டும். அவள் சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் இடத்தில் அதே மாதிரி தட்டியது. காதுக்கு நகம் உண்டா என்று கேட்காதே, தட்டியது. திருப்பி ஓட்டினேன், மறுபடியும் அங்கேதான். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. பதினோரு ஒட்டுக் கண்டுபிடித்தேன். உன்னைக் கூப்பிட்டு எந்தெந்த இடம் என்று சொன்னேனே, நீ, "எம்மா, எனக்கு ஏழுதாம்மா கேட்டுச்சு" என்றாய். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு இன்னும் பயந்துவிட்டேன். இதில் எனக்கு இன்னொரு குழப்பமும் உண்டு. நான் அதை ரசித்தேனா, இல்லை தரம் பிரித்தேனா? ஒட்டைத் தேடுகிற மும்முரத்தில் பாட்டைக் கேட்கவே இல்லையே என்று பிறகு தோன்றியது. ஒருவேளை ஒட்டுத்தான் பாட்டோ என்னவோ. உனக்குத் தெரிந்திருந்தால் எழுது.

ஒட்டைத் தேடும்போது ஞாபகம் வந்தது இது. உனக்குப் பதினோரு வயது இருக்கும். ஒரு அச்சகத்துக்குக் கட்டிங் எடுக்க உன்னையும் கூட்டிப் போயிருந்தேன். ஓனரோடு விலை பேசிவிட்டுத் திரும்பினால், நீ வெட்டும் மெஷினின் இரும்பு மேஜையில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு நிற்கிறாய். பிளேடு ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. இழுத்து ஓங்கி அறைந்தேன். நீ அழாமல், "எம்மா, எறங்குறப்ப ஒரு சத்தம், ஏறுறப்ப வேற சத்தம்மா" என்றாய். இன்னொரு அறை விட்டேன். கை போயிருக்குமே என்கிற பயத்தில் அடித்தேன் என்றுதான் இத்தனை வருஷமும் சொல்லி வருகிறேன். பாதிதான் பயம். முதல் அறை பயத்துக்கு, இரண்டாவது, அந்த ஓனர் பார்த்துச் சிரித்தாரே அதற்கு. அந்த மெஷின் ஓடுகிற இடத்தில் எத்தனையோ வருஷம் நின்றிருக்கிறேன். நீ சொன்னது சரிதானா என்று போன வாரம் போய்க் கேட்டேன். இறங்கும்போது வேறு, ஏறும்போது வேறு. அதுவரை எனக்குக் கேட்டதே இல்லை.

அதற்கு மறுநாள் காலையில் தாயில்பட்டிக்குப் பஸ் ஏறினேன். டேப்பைச் சுற்றி எடுக்க ஏதாவது வேண்டுமே என்று, வாணத்துக்குச் சுருட்டுகிற காகிதக் குழாய், மருந்து ஏறாத புதுசு, ஒரு பை நிறைய வாங்கிக்கொண்டேன். காட்டுக்கு நூறடி முன்னாலேயே சத்தம் கேட்டது. மாடசாமி அண்ணனின் வீட்டுக்காரி வரப்பில் நின்றிருந்தாள்.

"வாங்க மதினி. பஸ்ஸுலயா வந்தீக? தண்ணி குடிக்கீகளா?"

"ஒரு சாமான் மாறி வந்துருச்சு மதினி. இந்த டேப்பு."

"இந்த முனங்குறதா? கழட்டிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும். ஆளு யாரோ பேச ஆரம்பிச்சுட்டு பாதியில நிப்பாட்டுன மாதிரியே இருக்கு. திரும்பித் திரும்பிப் பாக்கேன்."

எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்ததைச் சொல்லிவிட்டேன். "அது நாந்தான் மதினி. என் சத்தத்தத்தான் அதுல ஏத்தி வச்சிருக்கு."

கிணற்றடியிலிருந்து வந்த மாடசாமி அண்ணன் அதைக் கேட்டுவிட்டார். "நீயா தங்கச்சி? அதான பாத்தேன். மயிலு ஏன் அங்கனயே நின்னுட்டுப் போயிருதுன்னு இப்பல்லா தெரியுது. வெல கேட்டுருப்ப" என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். பிறகு காற்று வந்தது. வரிசை வரிசையாகக் கட்டியிருந்த டேப் எல்லாம் சேர்ந்தாற்போல ஆரம்பித்து, கொஞ்சத்தில் ஒவ்வொன்றும் தன் போக்கில் போனது. மேலே இருந்தது மெலிசாக, கீழே இருந்தது தொண்டை கட்டினது போல. டேப்பைத் தொட்டேன், விரலில் அதிர்ந்தது. நான் பேசினது அதில் எந்த இடத்தில் இருக்கிறது? இந்த முனகல் என் குரலா, வெறும் பிளாஸ்டிக்கா, காற்றா? காற்று இதை முனங்க வைக்கும்போது உள்ளே இருக்கிற நான் அழிந்துகொண்டிருக்கிறேனா? யாரிடம் கேட்பது? கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அந்தக் கிழவி ஞாபகம் வந்ததும் சட்டென்று திறந்துவிட்டேன். எனக்கு ஒன்றும் புரிந்துவிடவில்லை. எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்க மட்டும் தோன்றவில்லை.

அங்கேதான் என் வியாபாரம் கெட்டது. இருபத்தெட்டு வருஷத்தில் நான் ஒரு நாளும் சரக்கைத் தடவிக்கொண்டே விலை கேட்டதில்லை. வேண்டாத மாதிரி வேறு பக்கம் பார்த்துக்கொண்டுதான் கேட்பேன். அன்றைக்கு டேப்பைப் பிடித்துக்கொண்டே, "இத எனக்குத் திருப்பித் தரணும்ணே, என் மவன் படிப்பு இதுலதான் இருக்கு" என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். என்னிடம் சரக்கு விற்க வந்தவர்கள் இப்படி வாய்விட்டால் என் முகமும் அப்படித்தான் மாறியிருக்கும்.

"வேஸ்ட்டுன்னுதான குடுத்த தங்கச்சி?"

"இப்ப வேஸ்ட் இல்லண்ணே."

"எனக்கும் இப்ப வேஸ்ட் இல்ல. இது கட்டுனதுலருந்து ஒரு கதிரு போகல. அறுவடைக்கு இன்னும் மூணு வாரம் கெடக்கு. நான் என்னத்தக் கட்ட?"

வெள்ளி கட்டிங் தருகிறேன் என்றேன். வெள்ளி தூசி படிந்தால் மின்னாது, இது கத்துகிறது என்றார். நான் ஒரு கிலோ சொன்னால் அவர் ஒன்று கூட்டினார். அவர் பேசினதில் ஒரு தப்பும் இல்லை. கடைசியில் முடிந்த விலையைக் கீழே எழுதியிருக்கிறேன்.

இப்போது சரக்கின் நிலைமை. வெயிலில் உன் வெள்ளை ஒட்டெல்லாம் பசை இளகி விட்டுவிட்டது. கழற்றும்போது பாதி கையோடு துண்டு துண்டாக வந்தது. மூன்று சுருளிலும் சேர்த்து அறுபத்து மூன்று துண்டு. நீ ஒட்டியிருந்த வரிசை போய்விட்டது. அதை நான் எப்படித் திருப்பிக் கொண்டுவருவது? கிழக்கிலிருந்து மேற்காக எந்தத் துண்டு எந்தக் கம்பில் இருந்ததோ அந்த வரிசைக்கு நம்பர் எழுதி ஒட்டியிருக்கிறேன். அது காட்டின் வரிசை, உன்னுடையது இல்லை. சிலதில் பறவை எச்சம் இருக்கிறது, துடைத்தால் சத்தமும் போய்விடுமோ என்று துடைக்கவில்லை. பதினேழாம் நம்பர் இழுபட்டு நீண்டிருக்கிறது, அதில் நான் இழுத்து இழுத்துப் பேசுவேனோ என்னவோ. வாணக் குழாயில்தான் சுற்றிக் கொண்டுவந்தேன். சிவகாசிப் பக்கமிருந்து குழாய் என்றதும் கொரியர்காரர் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அதனால் எல்லாவற்றையும் பிரித்து, பார்சல் ஒட்டுகிற டேப் தீர்ந்த அட்டை வளையங்களில் மறுபடி சுற்றினேன். உங்க அப்பா நம்பரைப் படிக்க, நான் சுற்ற, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. சுற்றும்போது அவர், "இதுல எந்தத் துண்டுல என்னத் திட்டியிருக்க?" என்று கேட்டார். எல்லாவற்றிலும் இருக்கும் என்றேன்.

இதை வைத்து அங்கே என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. அந்த வாத்தியார்கள் எதைக் கேட்டால் தலையாட்டுவார்கள் என்றும் தெரியாது. உன்னைத் திருப்பி அனுப்பினால் அதற்குக் காரணம் நான்தான். அதை ஆறுதல் சொல்லி நீ மாற்ற வேண்டாம். எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். டேமேஜ் சரக்கை நல்ல சரக்கு என்று சொல்லி விற்காதே, அது எப்படியும் தெரிந்துவிடும். டேமேஜ், இப்படி இப்படி ஆனது, இன்னார் செய்தது என்று முதலிலேயே சொல். டேமேஜ் சரக்குக்கென்றே தேடி வருகிற பார்ட்டியை நான் பார்த்திருக்கிறேன். என் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தால் சொல், உங்க அப்பா பெயரைச் சொல்லாதே. அப்புறம், அங்கே ஒரு நல்ல பிளேடு வாங்கு, ஒட்டுக்கு வெயில் தாங்குகிற பசை வாங்கு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காப்பி எடு. அந்த நாலு பெண்களுக்கும் காப்பி இல்லை என்பாய். அவர்களுக்கு நான் அம்மா இல்லையே.

மாடசாமி அண்ணனோடு பேசி முடித்தது இது. வடக்கே கட்டியிருந்த மூன்று சுருளும் அன்றைக்கே எனக்கு. தெற்கே கட்டியிருக்கிற நான்காவது அறுவடை முடியும்வரை அவருக்கு, பிறகு அவரே கழற்றிக் கொடுப்பார். இடையில் அறுந்தால் அவர் பொறுப்பில்லை. பதிலுக்கு வெள்ளி கட்டிங் பன்னிரண்டு கிலோ, காட்டில் கொண்டுபோய் இறக்குகிற வாடகை என்னுடையது. வியாழக்கிழமை அவருக்குச் சந்தை, காட்டில் ஆள் இருக்காது. அதனால் அறுவடை வரை வியாழக்கிழமைதோறும் காலையில் நான் போய், டேப் கழற்றிய வடக்கு வரப்பில் நின்று, மயில் அண்டாமல் ஒரு மணி நேரம் சத்தமாகப் பேச வேண்டும். என்ன பேசுவது என்பது என் இஷ்டம்.